பன்னுக்குள் கொத்துக்கறி

தென்காசி
9.2.2025

அன்புள்ள மைனிக்கு மாஜிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டுவலி தேவலையா? குவைத்தில் இன்னும் குளிர்தானா? நான் கொடுத்துவிட்ட தைலத்தைத் தடவுகிறீர்களா, அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறீர்களா?

வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோம், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் குரல் கேட்டதும் ஷிபா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், வீடு முழுக்கக் கேட்கிறது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான். இருப்பது ஒரே போன். அது உங்கள் தம்பி கையிலும் மகள் கையிலும் மாறி மாறிப் போகிறது. பேச்சிராஜ் அண்ணன் லீவு முடிந்து குவைத்துக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு சமையல் சொல்லித் தாருங்கள். இரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும், செய்வதற்கும் எளிதாக இருக்க வேண்டும். சோறு வேண்டாம். பிசைந்து சாப்பிடுகிற எதுவும் வேண்டாம். புரோட்டாவைப் பிய்க்க வேண்டும், சால்னாவைத் தொட வேண்டும், அதுவும் சரிப்படாது. எடுத்தோம், கடித்தோம் என்று இருக்க வேண்டும். நீங்கள் சமையல் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொத்துக்கறி வைத்து ஏதோ சாண்ட்விச் செய்து கொடுப்பதாக ஒரு தடவை சொன்னீர்களே, அதன் பக்குவத்தை எழுதுங்கள். உங்கள் தம்பிக்குக் கறி இல்லாமல் இறங்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

அவர் நன்றாக இருக்கிறார். மில்லில் இப்போது வேலை கொஞ்சம் குறைவு.

உங்கள் துஆவை நாடும்,
மாஜிதா


குவைத்
21.2.2025

அன்பு மாஜிதாவுக்கு வஅலைக்கும் ஸலாம். பேச்சிராஜ் கடிதத்தையும் நீ கொடுத்துவிட்ட முறுக்கையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். பக்கத்து வீட்டில்தானே டிரைவராக இருக்கிறான். முறுக்கில் பாதியை வழியிலேயே காலி செய்துவிட்டான், அது வேறு கதை. தைலம் தடவுகிறேன். வலி போகவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது.

இதோ பக்குவம். மாட்டுக்கறியைக் கொழுப்பு கொஞ்சம் சேர்த்துக் கடையிலேயே பொடியாகக் கொத்தித் தரச் சொல். வீட்டில் அலசினால் நீரை வடித்துப் பிழிந்துவிடு. சட்டியில் எண்ணெய் நிறைய வேண்டாம், கறியின் கொழுப்பே உருகும். வெங்காயம், பூண்டு பொடியாக அரிந்து வதக்கு. கறியைப் போட்டுக் கரண்டியால் உடைத்துக்கொண்டே இரு, இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். சிவந்ததும் மிளகுத்தூள், சீரகத்தூள், உப்பு, ஒரு தக்காளி, கொஞ்சம் தக்காளி சாஸ். தண்ணீர் சுண்டுகிற வரை விடு. பன்னைக் குறுக்கே வெட்டி, வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் கவிழ்த்து வாட்டி, உள்ளே கறியை வை. அவ்வளவுதான். இந்த வீட்டம்மா வெளியே போய்விட்டு நேரம் கழித்து வருகிற நாளெல்லாம் எனக்கு இதுதான் இரவுச் சமையல். பேச்சிராஜ் வந்தால் மாட்டுக்கறி வேண்டாம் என்பான், அவனுக்கு மட்டும் முட்டை வைப்பேன்.

சரி, யாருக்குப் பல் வலி? அவனிடம், "தம்பியைப் பாத்தியா?" என்று கேட்டேன். "இல்லக்கா, தூங்குதாகன்னு மைனி வாசல்லயே வச்சுக் குடுத்தாக" என்றான். அவன் வந்தது சாயங்காலம். நயினார் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. அம்மா மௌத்தான பிறகு நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

ஷிபாவுக்கு என் முத்தம்.
ஹைருன் பீவி


தென்காசி
14.3.2025

அன்புள்ள மைனிக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? அந்த வீட்டில் நோன்புக்கு விருந்தாட்கள் அதிகமாக இருக்குமே, நிற்கிற நேரத்தில் ஒரு ஸ்டூலையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். மணம் நன்றாக வந்தது. மேல்வீட்டு மீனா, "என்னக்கா, தெருவே மணக்குது" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் எனக்குக் கறி சுண்டவில்லை. பன் ஊறிப்போய், தூக்கியதும் அடிப்பக்கம் பிய்ந்து எல்லாம் மடியில் விழுந்தது. ஷிபா விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் தம்பி அவர் பங்கை உள்ளே எடுத்துப் போய்ச் சாப்பிட்டார். நோன்பு திறப்பதும் இப்போது உள் அறையில்தான். அங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறார்.

ஒரு கையில் பிடித்தாலும் உதிராமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா?

அவருக்குப் பல்லில் ஒன்றுமில்லை.

மாஜிதா


குவைத்
28.3.2025

மாஜிதா, ஸலாம். பெருநாளுக்கு ஊருக்கு வருகிற கடையநல்லூர் ஆள் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கறி இறக்கும்போது ரஸ்க்கைப் பொடித்து ஒரு கை தூவு, நீரை இழுத்துக்கொள்ளும். பன்னை முழுக்க வெட்டாதே. ஒரு பக்கம் ஒட்டியிருக்கட்டும், சிப்பி மாதிரி திறந்து உள்ளே வை. பிறகு பாதிவரை காகிதத்தில் இறுக்கிச் சுற்று. உதிராது.

ஒரு கையில் என்று எழுதியிருக்கிறாய். பன்னை யாரும் ஒரு கையில் பிடித்துச் சாப்பிடுவதில்லை. பிசைய வேண்டாம், பிய்க்க வேண்டாம் என்று முதல் கடிதத்திலும் எழுதினாய். நேற்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

என் தம்பி கைக்கு என்ன?

ஹைருன்


குவைத்
25.4.2025

மாஜிதா, ஸலாம். பெருநாள் போய் எத்தனை நாள் ஆகிவிட்டது. கடிதம் கொண்டுவந்தவர் உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். போன வெள்ளிக்கிழமை போனில் ஷிபா பேசினாள், நயினார் இரண்டு வார்த்தை பேசினான், நீ அடுப்பில் வேலையாக இருக்கிறாய் என்றார்கள். அதற்கு முந்தின வெள்ளியும் நீ அடுப்பில்தான் இருந்தாய்.

எதுவாக இருந்தாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

ஹைருன்


தென்காசி
4.5.2025

மைனி, ஸலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

போன நவம்பரில் மில்லில் மரம் அறுக்கும்போது கட்டை புரண்டு, உங்கள் தம்பியின் வலது கை வாளில் போய்விட்டது. நான்கு விரல்கள் இல்லை. கட்டைவிரல் இருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, காயம் ஆறிவிட்டது. மைனி, இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "அக்காகிட்ட சொல்லிராத. கேட்டா அடுத்த பிளைட்ல வந்து நிப்பா" என்பதுதான். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை இன்று முறித்துவிட்டேன்.

கை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகினார், ஸ்பூனில் சாப்பிடப் பழகினார். "நிர்ப்பந்தம்னா இடக்கையால சாப்பிடுததுல குத்தமே இல்ல" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜனவரியில் நான் பிறந்த கடையநல்லூரில் என் சின்னத்தா வீட்டுக் கல்யாணம். எங்கள் பக்கம் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். இவரும் உட்கார்ந்தார். இடது கையைத் தட்டுக்குள் வைத்தார். எதிரே இருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "எனக்குத் தனியா வையிலே" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னாராம். இவர் வயிறு சரியில்லை என்று கை கழுவிவிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். நான் பெண்கள் பக்கம் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. என்னோடும் இல்லை, மகளோடும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வலது கை மேல் எப்போதும் ஒரு துண்டு. தட்டே இல்லாத சாப்பாடு ஒன்று கிடைத்தால் வெளியே வருவாரோ என்றுதான் உங்களிடம் கேட்டேன்.

உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள்.

மாஜிதா


குவைத்
18.5.2025

மாஜிதா, வஅலைக்கும் ஸலாம். நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து இந்த வீட்டுக்கு இரவுச் சாப்பாடு செய்தேன். என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

வரத்தான் மனம் அடித்துக்கொள்கிறது. வந்து நின்றால் அவன் உன்னைத்தான் ஏசுவான். ஒப்பந்தம் முடிகிற டிசம்பரிலேயே வருகிறேன். அதுவரை அவனிடம் மூச்சு விடமாட்டேன். சத்தியத்தை முறித்ததை நினைத்து நீ வருந்தாதே. உன்னை இத்தனை மாதம் தனியாகச் சுமக்க விட்டுவிட்டேனே என்றுதான் எனக்கு வருத்தம்.

நீ "ஒரு பெரியவர்" என்று எழுதியிருக்கிறாய். கடையநல்லூரில் உனக்குப் பெயர் தெரியாத பெரியவர் யார் இருக்கிறார்? வெளி ஆளாக இருந்தால் பேரைச் சொல்லி இரண்டு பக்கம் திட்டியிருப்பாய். எழுத வேண்டாம், எனக்குப் புரிந்துவிட்டது.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கறி வரும். இரவு எல்லோருக்கும் பன்தான் என்று சொல். நடுவில் விரிப்பைப் போட்டு எல்லோரும் கையில் ஏந்திச் சாப்பிடுங்கள். அவன் கை தனியாகத் தெரியாது.

ஹைருன்


தென்காசி
12.6.2025

மைனி, ஸலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்ததா? எங்களுக்குத் தொழுகை வரை நன்றாகத்தான் போனது.

இரவு நீங்கள் சொன்னபடியே செய்தேன். ரஸ்க் பொடி போட்டதில் ஒரு துளி உதிரவில்லை. என் தம்பியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தான். விரிப்பைப் போட்டு, காகிதம் சுற்றி அடுக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார். நின்று பார்த்தார். தட்டு இல்லை, சோறு இல்லை, எல்லோரும் ஆளுக்கொரு பன்னைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதுதான் தப்பாகப் போயிற்று.

"பெருநாளும் அதுவுமா பிரியாணி ஆக்காம, எனக்காகவா எல்லாரும் பன்னு திங்கிறீக?" என்றார். சத்தம் போடவில்லை. "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஷிபா பன்னைக் கீழே வைத்துவிட்டாள். யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கடையநல்லூருக்குப் போனேன். நீங்கள் புரிந்துகொண்டது சரிதான் மைனி. எழுந்தது என்னைப் பெற்ற அத்தாதான். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் பேரை எழுதவில்லை.

"அன்னைக்கு ஏன் எந்திரிச்சீக?" என்று நேராகவே கேட்டேன்.

அத்தா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "பழக்கம்ட்டி. எடக்கை தட்டுக்குள்ள வரவும் உடம்பு தானா எந்திரிச்சிட்டு. மனசு எந்திரிக்கல."

"அத அவுககிட்ட சொல்லுங்க."

"எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல? நான் உன் வீட்டுக்கு வந்தா மாப்பிள்ள என் முன்னால வாசலத் தாண்டிப் போறாக, அந்தத் துண்டுதான் என் கண்ணுல படுது."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன்.

மாஜிதா


குவைத்
24.6.2025

மாஜிதா, ஸலாம். உன் அத்தா மேல் எனக்குக் கோபம் இருந்தது. மனசு எந்திரிக்கல என்றார் பார், அதைப் படித்ததும் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்கிறேன். நீ காப்பி குடித்துவிட்டே வந்திருக்கலாம்.

நாம் அவனுக்குத் தெரியாமல் அவனைச் சுற்றி ஏற்பாடு செய்தோம். அவனுக்கு அதுதான் உறைத்திருக்கிறது. இனிமேல் அவனுக்காக எதையும் செய்யாதே. பிரியாணி ஆக்கத் தோன்றினால் ஆக்கு. பன் செய்யத் தோன்றினால் உனக்கும் மகளுக்கும் பிடித்திருக்கிறது என்று செய். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். தட்டாதே, முகத்தைப் பார்க்காதே.

ஊரில் சாரல் விழுகிறதாமே, பேச்சிராஜ் வீட்டிலிருந்து சொன்னார்களாம். இங்கே வெளியே கால் வைத்தால் செருப்பு உருகுகிறது.

ஹைருன்


தென்காசி
14.7.2025

அன்புள்ள மைனிக்கு ஸலாம். உங்கள் முட்டுவலியைப் பற்றிக்கூட விசாரிக்காமல் எழுத ஆரம்பிக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே என் தம்பி வேனில் அத்தா வந்து இறங்கிவிட்டார்கள். சீசனுக்கு ஒரு தடவையாவது அருவியில் நிற்காவிட்டால் அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். எப்போதும் நேராகக் குற்றாலம் போகிறவர்கள், நேற்று எங்கள் வாசலில் நின்று, "மாப்பிள்ள, அருவிக்கு வாரீகளா?" என்றார்கள். மாமனார் வாசலில் வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது? இவர் துண்டை எடுத்துக்கொண்டு ஏறினார். பெருநாள் கறியில் கொஞ்சம் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஓட்டலுக்குள் நுழைய முடியாது. அதனால் மட்டும்தான் மைனி, வேறு எதையும் நினைக்காமல், கொத்துக்கறி பன் செய்து கட்டிக்கொண்டேன்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் அத்தாவும் தம்பியும் இவரும் போனார்கள். எங்கள் பக்கம் கூட்டம் நெரித்தது. போலீஸ்காரம்மா, "நின்னது போதும், நகருங்க, நகருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஈரத்தோடு வேன் பக்கம் வந்தபோது இவரைப் பார்த்தேன். கையைச் சுற்றியிருக்கும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கொண்டுபோனது அந்த ஒரு துண்டுதான். வேறு வழியில்லை. கை வெளியே இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து நானும் பார்க்காதவள்போல மூட்டையை அவிழ்த்தேன்.

அருவியில் நின்றுவிட்டு வருகிற பசி உங்களுக்குத் தெரியும். வேனின் பின்கதவைத் திறந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். இவரும் வாங்கினார். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள அங்கே கதவு ஏது? நின்றபடியே இடது கையில் பிடித்து ஒரு கடி கடித்தார். அத்தா காகிதத்தைப் பிரித்து வாய்க்குக் கொண்டுபோகும்போது, வேன் கூரையிலிருந்து ஒரு குரங்கு குதித்து, பன்னை அப்படியே பறித்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. அத்தா கையில் காகிதம் மட்டும் இருந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சிரித்தது இவர்தான் மைனி. எட்டு மாதமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், தன் பன்னை வலது உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இடுக்கி, இடது கையால் பிய்த்து, பாதியை அந்த இடது கையாலேயே அத்தா பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று அவருக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கையைப் பின்னால் இழுக்கப் போனார்.

அத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து, "குடுங்க மாப்பிள்ள, பசிக்குது" என்றார்கள். வாங்கிக் கடித்தார்கள். இவர் கடித்த பக்கமா, கடிக்காத பக்கமா என்றுகூடப் பார்க்கவில்லை. மழை வந்து எல்லோர் தலையிலும் விழுகிறது, யாரும் வேனுக்குள் ஏறவில்லை. அத்தா தின்று முடித்துவிட்டு, "மாஜிதா, இன்னொண்ணு இருக்குதா?" என்றார்கள். ஒன்று இருந்தது, எடுத்து நீட்டினேன்.

"என்கிட்ட தராத. மாப்பிள்ளையே பிச்சுத் தரட்டும்" என்றார்கள்.

இவர் பிய்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரவு ரசம் சாதம் வைத்தேன். இவர் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "ஸ்பூன எங்கட்டி வச்ச?" என்று கேட்டு, எங்களோடு சாப்பிட்டார். நான் ஸ்பூனை எடுத்துக் கொடுத்ததோடு சரி. ஷிபாதான் இரண்டு தடவை ரசம் ஊற்றினாள்.

மாஜிதா


தென்காசி
3.8.2025

அக்காவுக்கு நயினார் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இது என் இடது கை எழுத்து. ஷிபாவின் பழைய நோட்டில் ஒரு வாரமாகப் பழகுகிறேன். வரி மேலும் கீழும் போனால் மண்டையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

போன நவம்பரில் என் வலது கையில் நாலு விரல் போய்விட்டது. இதை உன்னிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். மாஜிதா முன்பே எழுதிவிட்டதாக நேற்றுத்தான் ஒத்துக்கொண்டாள். எனக்கு மே மாதமே சந்தேகம். வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் முதல் கேள்வியாக, "கை கால் சொகமாலே?" என்று கேட்கிறவள், திடீரென்று மழை பெய்யுதா, வெயில் அடிக்குதா என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாய். தெரிந்துகொண்டுதான் கேட்கவில்லை, இல்லையா? நீ கேட்காமல் விட்ட ஒவ்வொரு வெள்ளியும் எனக்குத் தெம்பாக இருந்தது அக்கா.

மில்லுக்குப் போகிறேன். வாள் பக்கம் இல்லை. மரத்தடியைத் தட்டிப் பார்த்து, எது உள்ளே பொந்து, எது வைரம் பாய்ந்தது என்று சொல்கிற வேலை. அதற்குக் கண்ணும் காதும் போதும்.

மாமா போன வாரமும் வந்தார். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். போதும் மாமா என்று சொன்ன பிறகும் தள்ளினார்.

உன் கொத்துக்கறிப் பக்குவத்தில் ஒரு குறை. மிளகுத்தூள் மட்டும் போதாது, ஒரு பச்சை மிளகாயாவது அரிந்து போட வேண்டும். குவைத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அது சரி, தென்காசிக்காரனுக்குச் சப்பென்று இருக்கிறது. நேற்று நானே அடுப்படியில் நின்று கிளறினேன், சொல்லிக்கொள்கிற மாதிரி வந்தது. டிசம்பரில் வா, செய்து தருகிறேன்.

இதைப் படித்துவிட்டு அழ வேண்டுமென்றால் உன் ரூமுக்குப் போய் அழு. சட்டிக்கு மேல் நின்று அழுதால் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அந்த வீட்டம்மா உன்னை ஏசுவாள்.

உன் தம்பி,
நயினார்